பொட்டு வைத்த இடத்தில் தமிழ்

மலேசியாவின் பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் மாரியம்மன் கோயில் இளைஞர் பிரிவைச் சேர்ந்த தம்பி ஒருவர் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார். முதலாவது: “கைப்பேசியில் எல்லாப் பாட்டும் கிடைக்கும்போது, அரசாங்கப் பணத்தில் ஒரு தமிழ்ப் பாட்டு வானொலி எதற்கு? நம்முடையதைப் போன்ற தோட்டத்துக் கம்பத்துக்கு (சிற்றூருக்கு) அதனால் என்ன பயன்?” இரண்டாவது: “பாட்டி விட்டுப்போன பழைய பெட்டியில் தமிழ் வருவதே இல்லை. தூக்கிப் போட்டுவிடலாமா?” முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த ஊரில் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்துப் பிழைத்தவன் நான் என்பதால் என்னைத் தேடி வந்திருக்கிறார். ஒட்டுக்கடையில் தேநீர் ஆறுவதற்குள் நான் சொன்ன பதில் அவருக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை. ஆகவே விரிவாக எழுதுகிறேன்.

பாட்டு கிடைக்கும் இடம் என்ற அளவில் வானொலியின் காலம் முடிந்துவிட்டது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஸ்போட்டிஃபை மலேசியாவுக்கு வந்தது 2013-இல். அதற்கும் முன்பிருந்தே யூடியூப் இருக்கிறது. ஒரு பாட்டைக் கேட்க வேண்டுமென்று தோன்றிய நொடியில் அதைக் கேட்டுவிடலாம். நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டை எழுதி, மூன்று வாரம் காத்திருந்து, அந்த நாளில் மின்சாரம் போய்விடுமோ என்று அஞ்சிக்கொண்டிருந்த தலைமுறையின் ஏக்கத்தை உங்களிடம் விற்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் பாட்டை ஒருவர் காதில் போடுவது வேறு வேலை. ஒரே பாட்டை ஒரே நேரத்தில் ஓர் ஊரின் எல்லா அடுப்பங்கரைகளிலும் ஒலிக்க விடுவது வேறு வேலை. முதல் வேலையைக் கைப்பேசி எடுத்துக்கொண்டது. இரண்டாவது வேலையைச் செய்ய இன்னும் வேறு ஆள் வரவில்லை என்பதே என் பதிலின் சாரம். அந்த வேலை எப்படிப்பட்டது என்பதை எனக்குக் காட்டியவர் ஒரு வாடிக்கையாளர்.

எண்பதுகளின் நடுவில், ஒரு தோட்டத்திலிருந்து பால்மரம் வெட்டும், அதாவது ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கும், அம்மா ஒருவர் தம் பெட்டியைத் துண்டில் சுற்றி, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். டயல் கயிறு அறுந்திருந்தது. அக்காலப் பெட்டிகளில் நிலையத்தைக் காட்டும் முள் ஒரு மெல்லிய கயிற்றில்தான் மாட்டப்பட்டிருக்கும். குமிழைத் திருப்பினால் கயிறு சிறு உருளைகளின் மேல் ஓடி முள்ளை இழுத்துச் செல்லும். நான் புதுக் கயிறு கட்டிக் கொடுத்தேன், எல்லா நிலையங்களும் தெளிவாகக் கேட்டன, அவரும் காசைக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த வாரமே திரும்பி வந்தார். “தம்பி, பொட்டுல தமிழ் வரல. சீனம்தான் பேசுது,” என்றார். அப்போதுதான் கண்ணாடியை உற்றுப் பார்த்தேன். மத்திய அலை வரிசையில் தமிழ் ஒலிபரப்பு வரும் இடத்தில் ஒரு குங்குமப் பொட்டு வைக்கப்பட்டு, காய்ந்து, கறுத்துப்போயிருந்தது. அந்த வீட்டில் எண் படிக்கத் தெரிந்தவர் இல்லை; முள்ளைப் பொட்டுக்குக் கொண்டுவந்தால் தமிழ் என்பதுதான் கணக்கு. நான் கயிறு கட்டியதில் முள் ஒரு விரற்கடை தள்ளிப்போயிருந்தது. பழைய பொட்டைத் துடைத்துவிட்டுச் சரியான இடத்தில் புதிதாக வைத்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். அது இறந்துபோன அவருடைய கணவர் வைத்த பொட்டாம். ஆகவே கயிற்றை அவிழ்த்து, முள்ளை நகர்த்தி, பொட்டுக்கு ஏற்றபடி மறுபடியும் கட்டினேன். அதன்பின் எந்தப் பெட்டி வந்தாலும் திறப்பதற்கு முன் கண்ணாடியைப் பார்க்கப் பழகிக்கொண்டேன். சிலவற்றில் நகப்பூச்சு, சிலவற்றில் பிளேடால் கீறிய கோடு, ஒன்றில் தோட்டத்து மருந்தகத்திலிருந்து எடுத்த பிளாஸ்திரித் துண்டு.

அந்தக் கண்ணாடியில் இருந்த மற்ற எல்லா நிலையங்களும் அவர்களுக்கு வேண்டாதவை. ஒரே ஒரு புள்ளி மட்டும் அவர்களுடையது. அந்தப் புள்ளியில் எப்போதும் தமிழ் இருக்கும் என்ற நம்பிக்கையை ஒரு வணிக நிலையம் தந்திருக்குமா என்பதைத்தான், தம்பி, நீங்கள் கேட்ட கேள்வியை ஒட்டி யோசிக்க வேண்டியிருக்கிறது.

அந்தப் புள்ளி எங்கள் மீதுள்ள அன்பினால் வந்தது என்று எண்ணிவிட வேண்டாம். ரேடியோ மலாயா 1946 ஏப்ரல் முதல் நாள் சிங்கப்பூரிலிருந்து தன் ஒலிபரப்பைத் தொடங்கியபோதே தமிழும் அதன் மொழிகளில் ஒன்றாக இருந்தது. இரண்டு ஆண்டுகளில், 1948 ஜூன் 16 அன்று, நம்முடைய இதே சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டதை ஒட்டி அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 வரை நீடித்தது. அந்த ஆண்டுகளில், மக்களை இடம் மாற்றிக் குடியமர்த்திய புதுக் கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் பொதுப் பெட்டிகள் கொடுக்கப்பட்டு, மக்கள் கூடிக் கேட்க ஏற்பாடு செய்யப்பட்டது. அரசாங்கத்துக்குச் செய்தியும் அறிவுரையும் மக்கள் காதுக்குப் போய்ச் சேர வேண்டியிருந்தது. அதற்குப் பாட்டு தூண்டில் புழுவானது. மக்கள் புழுவைத் தின்றுவிட்டுத் தூண்டிலை விட்டுவிட்டார்கள் என்பது என் தந்தையார் அடிக்கடி சொன்ன வேடிக்கை. முழுவதும் உண்மையாக இருக்காது, செய்தியையும் கேட்டிருப்பார்கள். ஆனால் ஒரு நிறுவனம் தன் நோக்கத்துக்காகத் தொடங்கியதை மக்கள் தங்கள் நோக்கத்துக்கு எடுத்துக்கொள்ள முடிந்தது என்பது உண்மை. பின்னாளில் அது மலேசிய வானொலியின் ஆறாம் அலைவரிசையாகி, 2005-இல் மின்னல் எஃப்.எம். என்று பெயர் மாறியது. பெயர் மாறியபோதும், மத்திய அலையிலிருந்து எஃப்.எம்.முக்கு இடம் மாறியபோதும், அந்தப் புள்ளி காலியாகவில்லை.

அந்நாளில் எங்கள் தோட்டத்தில் மாலையில் சில மணி நேரம் மட்டுமே ஜெனரேட்டர் ஓடும். மற்ற நேரத்தில் வானொலி மின்கலத்தில்தான் பாட வேண்டும். மின்கலம் தளர்ந்துவிட்டால் வெயிலில் காயவைத்து, இன்னும் இரண்டு நாளைக்கு இழுப்பார்கள். ஆகவே லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் பெட்டியைத் திறப்பதில்லை; ஒரு வீட்டில் பாடினால் நான்கு வீடுகளுக்குக் கேட்கும், நாளைக்கு அடுத்த வீட்டின் முறை. பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, போகும் முன் பக்திப்பாடல், பாலை எடைபோட்டுவிட்டு வந்து சமைக்கும்போது திரைப்பாடல், மாலையில் நாடகம் என்று நாளின் நேரம் பாட்டினால் பிரிக்கப்பட்டிருந்தது. சுவர்க் கடிகாரம் இல்லாத வீடுகளில் பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்பட்டது அறிவிப்பாளரின் குரலை வைத்துத்தான். “செய்தி வாசிச்சாச்சு, இன்னுமா தலை சீவுற?” என்று என் அம்மா போட்ட அதட்டல் இன்னும் காதில் இருக்கிறது.

பயனைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கோ தோட்டம் கலைந்த பிறகு நடந்ததுதான் பெரிதாகப் படுகிறது. ஐம்பதுகளிலேயே பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன; அந்த நெருக்கடியில்தான் நம்மூர்க்காரரான துன் சம்பந்தன் 1960-இல், தொழிலாளர்களே பங்கு சேர்த்துத் தோட்டங்களை வாங்குவதற்காக, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை ஆட்கள் வேண்டியதில்லை. லயங்கள் இடிந்தன, நிலம் வீடமைப்புக்குப் போயிற்று. ஒரே லயத்தில் பிறந்த பத்துக் குடும்பங்களில் இரண்டு ஈப்போவில், நான்கு கிள்ளானில், ஒன்று ஜோகூரில், மற்றவை இந்த ஊர்த் தாமான்களில் (வீடமைப்புப் பகுதிகளில்) என்று சிதறின. அக்காலத்தில் தொலைபேசி எல்லார் வீட்டிலும் இல்லை. அந்த ஆண்டுகளில் வானொலியின் வாழ்த்து நிகழ்ச்சி செய்த காரியம் வெறும் வாழ்த்து அல்ல. அறிவிப்பாளர் ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்பவர்களின் பெயர்களை அடுக்குவார்: தாத்தா, பாட்டி, பெரியப்பா, பெரியம்மா, மாமா, அத்தை, அவர்கள் இருக்கும் ஊர்கள். கேட்பவர்களுக்கு வேறொன்று புரியும். தோட்டத்து எழுத்தர் சின்னத்தம்பி கிராணியின் மகள் இப்போது காப்பாரில் இருக்கிறாள். பெரியப்பா பெயர் வந்தது, பெரியம்மா பெயர் வரவில்லையே, என்ன ஆயிற்று? பேருந்து நிலையத்தில் மறுநாள் அதைப் பற்றித்தான் பேச்சு. பெயர்ப் பட்டியல் படிப்பதைக் கேலி செய்த படித்தவர்களை நான் அறிவேன். பாட்டைப் போடாமல் பெயரை வாசித்துக்கொண்டிருக்கிறார்களே என்பார்கள். அந்தப் பட்டியல்தான் ஊராக இருந்தது. இடிக்கப்பட்டுப் பத்து ஆண்டுகளான தோட்டத்தின் பெயரையும் சேர்த்து, ‘முன்னாள்’ என்ற சொல் இல்லாமலே எழுதி அனுப்புவார்கள். வரைபடத்திலிருந்து போன பெயர் காற்றில் இன்னும் சில காலம் இருந்தது.

வாட்ஸ்அப் குழுவில் இதைச் செய்யலாமே என்று நீங்கள் சொல்வீர்கள். செய்கிறோம், நன்றாகவும் செய்கிறோம். ஆனால் குழுவில் சேர்க்கப்பட்டவர்களுக்கு மட்டுமே அது கேட்கும். வானொலியில் வாசிக்கப்பட்ட பெயரை, அந்தக் குடும்பத்தோடு மனத்தாங்கல் கொண்டு பேச்சை நிறுத்தியிருந்த சித்தப்பாவும் கேட்டுவிடுவார். கேட்கவில்லை என்று அவர் சொல்ல முடியாது.

அடுத்தது கலைஞர்கள் விஷயம். இந்த நாட்டில் தமிழ்ப் பாட்டு எழுதுபவர், இசையமைப்பவர், பாடுபவர் ஆகியோருக்குச் சந்தை மிகச் சிறியது. மலேசியர்களில் இந்தியர்களே நூற்றுக்கு ஏழு பேருக்குச் சற்றுக் குறைவு, அவர்களுக்கும் சென்னையிலிருந்து வரும் திரைப்பாட்டு மலைபோல் நிற்கிறது. அந்த மலைக்குப் பக்கத்தில் உள்ளூர்ப் பாட்டு முளைக்க இடம் கொடுத்தது வானொலியின் ஒலிப்பதிவுக் கூடந்தான். ரெ. சண்முகம் போன்றவர்கள் பாடகராகவும் இசையமைப்பாளராகவும் நாடகக் கலைஞராகவும் ஒரே சமயத்தில் உருவானது அங்கேதான். யோகி பி, நட்சத்திரா குழுவினர் 2006-இல் மலேசியத் தமிழ் ராப்பைத் தமிழ்நாட்டுக்கே கொண்டுபோய்ச் சேர்த்த போது, இங்கே ஒரு தனிப்பட்ட உச்சரிப்பும் தைரியமும் எங்கிருந்து வந்தன என்று அங்குள்ளவர்கள் வியந்தார்கள். அதற்கு வானொலி மட்டும் காரணமில்லை. திருவிழா மேடை, உருமி மேளம், வட்டாரப் பாட்டுப்போட்டி எல்லாம் உண்டு. ஆனால் தம் குரல் ஒலிபரப்பத் தகுந்தது என்று ஒரு தலைமுறைக்குச் சொன்னது வானொலி. இதில் காசுக் கணக்கும் இருக்கிறது. ஒரு பாட்டு ஒலிபரப்பாகும்போது எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிமைத்தொகை சேர வேண்டும்; அதைத் திரட்டிக் கொடுக்க எம்.ஏ.சி.பி. என்ற இசைப்படைப்பாளர் அமைப்பு 1989 முதல் இங்கே இயங்குகிறது. தொகை பெரிதாக இருக்காது. ஆனால் கைப்பேசிச் செயலி ஒருவருக்கு எதைப் பரிந்துரைக்கிறது என்பது ஏற்கெனவே எத்தனை பேர் எதைக் கேட்டார்கள் என்பதைப் பொறுத்தது. கோடிக்கணக்கானோர் கேட்கும் பாட்டுக்கு முன்னால் கோலகங்சார்ப் பையன் ஒருவனின் முதல் பாட்டு எந்தக் கணக்கிலும் வராது. அதை எடுத்து வைத்து “இதையும் கேளுங்கள்” என்று சொல்ல, சம்பளம் வாங்கும் ஒரு மனிதர் தேவைப்படுகிறார்.

அந்த மனிதருக்கு அதிகாரம் தலைக்கேறினால் என்ன ஆகும் என்பதற்கும் பாடம் உண்டு. இந்தியாவில் 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், திரைப்பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று கருதி, அகில இந்திய வானொலியில் அதை ஏறத்தாழ விலக்கினார். சாஸ்திரிய இசையையும் மெல்லிசையையும் முன்னே வைத்தார். மக்கள் என்ன செய்தார்கள்? முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பினார்கள். திரைப்பாட்டைத் தாராளமாக ஒலிபரப்பிய இலங்கை வானொலி, கடல் தாண்டி இந்தியா முழுவதும் கேட்கப்பட்டது. கடைசியில் 1957 அக்டோபரில் விவித் பாரதியைத் தொடங்கி, அகில இந்திய வானொலி தானே திரைப்பாட்டுக்கு வழிவிட வேண்டியதாயிற்று. பொது வானொலி மக்களைத் திருத்தப் புறப்பட்டால் மக்கள் பொட்டை வேறிடத்தில் வைத்துவிடுவார்கள். அதே சமயம், கேஸ்கர் காலத்து முடிவுகளால் பல வித்வான்களுக்கு வானொலியில் நிலையான வேலையும் கேட்பவர்களும் கிடைத்ததையும் மறுக்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் நிற்கத் தெரிவதுதான் நிகழ்ச்சித் தயாரிப்பாளரின் திறமை. மூன்று பழகிய பாட்டுக்கு நடுவில் ஒரு பழகாத பாட்டை நுழைப்பவரை நான் நல்ல தயாரிப்பாளர் என்பேன்.

தமிழர்களாகிய நாம் நம் பங்கைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். பொது வானொலி ஏன் வேண்டும் என்பதற்கு இந்த ஊரில் இன்னும் வலுவான சான்று நம் சந்தையிலேயே நடமாடுகிறது. லாசா, போஸ் லெகாப் பக்கத்து உட்காட்டிலிருந்து தெமியார் பூர்வகுடியினர் பொருள் வாங்க இறங்கி வருவதைப் பார்த்திருப்பீர்கள். மின்னலை நடத்தும் அரசு ஒலிபரப்பு நிறுவனமான ஆர்.டி.எம்.மின் அசிக் எஃப்.எம். அவர்களுக்கானது, தெமியார், செமாய், தெமுவான், ஜக்கூன் ஆகிய மொழிகளில் பேசுகிறது, பாடுகிறது. தெமியார் மொழி பேசுபவர்கள் சில பத்தாயிரம் பேர்தான். அவர்களுக்குச் சோப்பு விற்க எந்த விளம்பர நிறுவனமும் நேரம் வாங்காது. ஆகவே வணிகக் கணக்கில் அந்த மொழியில் வானொலி இருக்கவே முடியாது, ஆனால் இருக்கிறது. ஒருநாள் என் கடைக்கு வந்த தெமியார்ப் பெரியவர் ஒருவர், சரிசெய்த பெட்டியைச் சோதித்துப் பார்க்க மலாய் நிலையம் எதையும் வைக்கவில்லை. தம் மொழி வரும் இடத்துக்கு முள்ளைக் கொண்டுபோய், ஒரு வரி கேட்டதும் தலையாட்டிவிட்டுக் காசை எடுத்தார். அவருடைய பெட்டியிலும் ஒரு கீறல் இருந்தது.

தனியார் நிலையங்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. தனியார் தமிழ் நிலையமான ராகாவை நானும் கேட்கிறேன். காலை நேரத்துக் கலகலப்பில் அவர்களை மிஞ்ச ஆளில்லை, இளைஞர்கள் அங்கே போவதில் வியப்புமில்லை. ஆனால் விளம்பரத்தால் வாழும் நிலையம், விளம்பரதாரருக்கு வேண்டிய காதுகளைத்தான் முதலில் எண்ணும். அந்தக் காதுகள் கிள்ளான் பள்ளத்தாக்கில் அதிகம். பேராவின் வடக்கே, மாதச் செலவைக் கையில் எண்ணிப் பார்த்துச் செய்யும் வீட்டில் குறைவு. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: ஆர்.டி.எம். அமைச்சின் கீழ் இயங்கும் அரசு வானொலி, விளம்பரமும் வாங்குகிறது. அரசிடமிருந்து விலகி நிற்கும் பொது வானொலி என்ற பொருளில் அதை மற்ற நாட்டு நிறுவனங்களோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. செய்தியில் அந்த வேறுபாடு முக்கியம். இசையில் அது குறைவாகவே உறுத்துகிறது என்பது என் அனுபவம்.

அமெரிக்காவில் வேறு வழி. அங்கே 1967-இல் பொது ஒலிபரப்புச் சட்டம் வந்து, அதன்படி ஏற்பட்ட பொது ஒலிபரப்புக் கழகம் ஊர் ஊராக இருந்த சிறு நிலையங்களுக்குப் பணம் பிரித்துக் கொடுத்தது. மீதியைக் கேட்பவர்களே சந்தாவாகக் கொடுத்தார்கள். இவற்றில் பல முழுநேர இசை நிலையங்கள். நியூ ஓர்லியன்ஸ் நகரின் டபிள்யூ.டபிள்யூ.ஓ.இசட். 1980 முதல் அந்த ஊர் ஜாஸையும், புளூஸையும், தெரு ஊர்வலக் குழுக்களின் வாத்தியத்தையும் ஒலிபரப்பி வந்தது. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் ஊரை மூழ்கடித்தபோது நிலையமும் நின்றது. நியூ ஜெர்சியிலிருந்த மற்றொரு சிறு நிலையம் தன் கணினிகளில் இடம் கொடுக்க, சில நாட்களிலேயே ‘நாடு கடந்த’ நிலையமாக இணையத்தில் பாடத் தொடங்கியது. டெக்சஸிலும் அட்லாண்டாவிலும் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் தங்கள் ஊர் எக்காளத்தை அங்கிருந்தே கேட்டார்கள். தோட்டம் கலைந்து கிள்ளானில் உட்கார்ந்து வாழ்த்து நிகழ்ச்சி கேட்டவனுக்கு இதில் விளக்கம் தேவையில்லை. அந்தக் கழகத்துக்கென ஒதுக்கிய 110 கோடி டாலரை 2025 ஜூலையில் அமெரிக்கக் காங்கிரஸ் திரும்பப் பெற்றுக்கொண்டது. அடுத்த மாதமே கழகம் கடையைக் கட்டுவதாக அறிவித்தது. இசை நிலையங்களுக்கு அதில் போனது மானியம் மட்டுமன்று. எல்லாச் சிறு நிலையங்களுக்காகவும் பாட்டு உரிமைக்கு மொத்தமாகப் பேரம் பேசிக் கொடுத்தது அந்தக் கழகந்தான். பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு நிலையம் இசை நிறுவனங்களோடு தனியே உட்கார்ந்து விலை பேசுவதை எண்ணிப் பாருங்கள்.

வெள்ளம், மின்தடை போன்ற நேரங்களில் வானொலியின் பயன் எல்லாருக்கும் தெரிந்ததே. 2014 டிசம்பர் கிழக்குக்கரை வெள்ளத்தில் கைப்பேசிக் கோபுரங்கள் செயலிழந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மின்கலத்தில் ஓடும் ஒரு சிறு பெட்டி அப்போது பாடும், பேசும். தரவு தீர்ந்துவிட்டது என்று சொல்லாது.

குறை என்று எனக்குத் தோன்றுவது வேறிடத்தில் இருக்கிறது. மலாயில் பேரா எஃப்.எம். உண்டு, லங்காவித் தீவுக்கே தனி நிலையம் உண்டு. தமிழுக்கு மாநில அளவிலோ மாவட்ட அளவிலோ அப்படி ஒன்று இல்லை. எல்லாம் கோலாலம்பூரில் ஆர்.டி.எம். தலைமையகமான அங்காசாபுரியிலிருந்தே வருகிறது. ஆகவே தமிழ்க் குரல் சுங்கை சிப்புட்டுக்கும் கேட்கிறது, ஆனால் சுங்கை சிப்புட்டிலிருந்து எதுவும் புறப்படுவதில்லை. தமிழ்நாட்டில் பாம்பனில் கடல் ஓசை 90.4 என்ற சமுதாய வானொலி 2016 முதல் மீனவர்களுக்காக இயங்குகிறது. காற்று, அலை, மீன் பற்றிய செய்திக்கு நடுவே அவர்கள் பாட்டையே அவர்கள் பாடுகிறார்கள். அதன் எல்லை சில கிலோமீட்டர்கள்தான், அதுவே அதன் பலம். நம் வட்டாரத்து உருமி மேளக் குழுக்கள் இருபதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட வயதுப் பையன்களால் நிரம்பி வழிகின்றன. தோட்டத்து ஒப்பாரியும் தாலாட்டும் தெரிந்த பாட்டிகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம், வட பேராவிலிருந்து பதிவு செய்து அனுப்பினால் தேசிய அலைவரிசையிலேயே ஒலிபரப்ப இயலாத காரியமில்லை. இளைஞர் பிரிவுக்குக் கைப்பேசியில் பதிவு செய்யத் தெரியும், வெட்டி ஒட்டத் தெரியும். வானொலி எதற்கு என்று கேட்பதற்குப் பதில், எங்கள் ஒரு மணி நேரம் எங்கே என்று கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். கையெழுத்துப் போட நான் வருகிறேன்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அந்தப் பெட்டியில் மத்திய அலையும் சிற்றலையும் மட்டுமே இருக்கின்றன. மின்னல் இப்போது வருவது எஃப்.எம்.மில். ஆகவே பெட்டியில் பழுதில்லை. அது தேடும் இடத்தில் தமிழ் இல்லை. எஃப்.எம். உள்ள சிறு பெட்டி ஒன்று வாங்குங்கள், விலை அதிகமிருக்காது. கோலாலம்பூர் உறவினர் 96.3 என்று சொன்னால் அதை இங்கே தேடாதீர்கள். பக்கத்துப் பக்கத்து ஒலிபரப்பிகள் ஒன்றையொன்று குலைக்காமலிருக்க வட்டாரத்துக்கு வட்டாரம் எண் மாறும். எஃப்.எம். அலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வது. நம் வீடுகளுக்கும் ஒலிபரப்பி இருக்கும் கிளேடாங் மலைக்கும் நடுவே குன்று இருந்தால் இரையும். கம்பியை முக்கால் மீட்டருக்கு நீட்டி, சன்னல் பக்கம் வையுங்கள். வீட்டுத் தொலைக்காட்சியில் மைடிவி என்ற இலவச ஒளிபரப்புப் பெட்டி இருந்தால் அதிலும் வானொலி அலைவரிசைகள் வரும்.

பழைய பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். படத்தில் கண்ணாடியின் இடது பக்கம், மூன்றாவது எண்ணுக்கு மேலே, கறுப்பாக ஒன்று தெரிகிறது. அதை அழுக்கென்று நினைத்துத் துடைத்துவிடாமல் அப்படியே கடைக்குக் கொண்டுவாருங்கள்.